நிறுத்தாமல் விட்ட கம்ப்யூட்டர்

எங்கள் விதை மையத்தின் வெள்ளிவிழா மலருக்கு என்னிடம் அனுபவக் கட்டுரை கேட்டார்கள். "ரெண்டு பக்கம் போதும் சார், நல்ல விஷயமா எழுதுங்க" என்றாள் கலைவாணி. நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். நானும் நல்ல விஷயமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு முறை ஆரம்பித்து நாலு முறையும் கிழித்துப் போட்டேன். மையத்தைப் பாராட்டி, மேலாளரைப் பாராட்டி, இடையிடையே என்னையும் கொஞ்சம் தட்டிக்கொடுத்துக்கொண்டு எழுதுவது சுலபம். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் அதே கலைவாணி போனில் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில் பொய். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு பாராட்டு எழுத வரவில்லை.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவது முடித்தேன், டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன், செஞ்சி காந்தி பஜாரில் ஒரு வக்கீலிடம் சில வருஷம் டைப் அடித்தேன். விதை மையம் தொடங்கியபோது எழுத்தராகச் சேர்ந்தேன். ஒரு நாள் அட்டைப்பெட்டியில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஷாக் அடிக்குமோ என்று எல்லோரும் தள்ளி நின்றார்கள், நான் தொட்டேன். அவ்வளவுதான், நான் கம்ப்யூட்டர்க்காரன் ஆகிவிட்டேன். திண்டிவனத்தில் மூன்று வாரம் வகுப்பு, ஒரு தடித்த புத்தகம், நிறைய திமிர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மையத்துக்கு ஒரு டேட்டாபேஸ் செய்தேன்.

அதில் இருந்தது விதைகளின் ஜாதகம். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலைதான் மையத்தின் முக்கிய விதை. அறுவடை முடிந்ததும் தோலோடு வாங்கி, லாட் லாட்டாகப் பிரித்து நம்பர் போட்டு கிடங்கில் அடுக்குவோம். வந்தவுடன் ஒரு முறை முளைப்புப் பரிசோதனை. ஆடிப்பட்டம் விதைப்புக்கு முன்னால் இன்னொரு முறை. நூறு விதையில் குறைந்தது எழுபது முளைத்தால்தான் அந்த லாட்டை விற்கலாம். பரிசோதனைக்கூடத்தில் எஸ்தர் எண்ணி, தன் ரிஜிஸ்டரில் எழுதி, கம்ப்யூட்டரிலும் பதிவாள். கிடங்குக்காரர் முனுசாமி காலையில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறப்பார். அது டேட்டாபேஸிலிருந்து தானாக விவரத்தை இழுத்துவரும். விற்கலாம் என்றால் கட்டம் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. முனுசாமிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் நிறம் வைத்தேன். அதற்காக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

மேலாளர் சௌந்தரராஜன் மட்டும் பாராட்டுவதற்கு முன்னால் கேள்வி கேட்பார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் மூடிய பேனாவை ஒரு எண்ணின் அடியில் வைப்பார். "இது எந்தக் கெணத்துத் தண்ணி, ஏழுமலை?" என்பார். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று அர்த்தம். எஸ்தர் ரிஜிஸ்டரா, கிடங்குச் சீட்டா, நான் அடித்ததா? பதில் சொல்லும் வரை பேனா அங்கேயே இருக்கும். கோபம், சத்தம் ஒன்றும் கிடையாது.  அவர் இப்போது உயிரோடு இல்லை. இனி எழுதப்போவதை அவரிடம் சொல்லாமலே விட்டது எனக்குத் தனிக் கணக்கு.

பத்து வருஷத்துக்கு முன் என் டேட்டாபேஸ் திணற ஆரம்பித்தது. இரண்டு பேர் சேர்ந்து திறந்தால் படுத்துவிடும். புதிய சர்வர் ஒன்றை வாங்கி, எல்லா விவரத்தையும் அதற்கு மாற்றுவது என்று முடிவானது. விவரத்தை மாற்ற சென்னையிலிருந்து ஆள் வந்தார்கள். எக்செல் ஷீட்டுகளை மட்டும் நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றும் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கழுத்தைத் திருப்பிப் புதிய சர்வரைப் பார்க்க வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

சௌந்தரராஜன் அதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். பதினேழு பெயரையும் ஒரு தாளில் எழுது. ஷீட்டைத் திற, விவரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் கனெக்‌ஷன் பட்டியலைத் திற, பழைய கம்ப்யூட்டர் பெயர் இருக்கும் இடத்தில் புதிய சர்வர் பெயரைப் போடு. புதுப்பித்துப் பார். மூன்று லாட்டை ரிஜிஸ்டரோடு ஒப்பிடு. சிவப்புப் பென்சிலால் டிக் அடி, பக்கத்தில் தேதி எழுது. எல்லாம் முடிந்த பிறகுதான் கடைசி வேலை.

"கடைசியில பழைய கம்ப்யூட்டர நிறுத்திடு. நிறுத்திட்டு ஒவ்வொரு ஷீட்டையும் தெறந்து பாரு. எது அழுவுதோ அது மாறல" என்றார்.

எவ்வளவு எளிமையான சோதனை. பழையது ஓடிக்கொண்டே இருந்தால், மாறாத ஷீட்டும் சிரித்த முகத்தோடு பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். தப்பு என்று ஒரு எழுத்துகூட வராது. நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆடி பிறந்தால் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதால் ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முடித்தாக வேண்டும். புது சர்வருக்குச் சந்தனம், குங்குமம், வாசலில் எலுமிச்சம்பழம். முனுசாமி பழைய கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்து, கற்பூரத்தை அதற்கும் காட்டினார். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் வைத்த குங்குமம் அதன் நெற்றியில் அப்படியே காய்ந்து கிடந்தது.

நான் விடிந்ததிலிருந்து ஷீட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பதினாறு முடிந்து பதினேழாவதைத் திறந்தபோது மணி பத்து இருபது. அதுதான் முனுசாமியின் கிடங்கு ஷீட். மற்றவற்றுக்கு ஒரு கனெக்‌ஷன் என்றால் இதற்கு இரண்டு. ஒன்று, எந்த லாட்டில் எத்தனை மூட்டை என்று கொண்டுவருவது. இன்னொன்று முளைப்பு எண்ணைக் கொண்டுவருவது. அந்த இரண்டாவது, யாரும் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று நானே மறைத்துவைத்த ஒரு பக்கத்தில் இருந்தது. மறைத்தவனுக்கே மறந்துவிட்டது. பட்டியலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் இருந்தன. முதலாவதை மாற்றினேன், புதுப்பித்தேன், மூட்டை எண்ணிக்கை சரியாக வந்தது. டிக் அடித்துத் தேதி எழுதினேன். ரிஜிஸ்டரோடு ஒப்பிட நேரமில்லை. ஒப்பிட்டிருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, பழைய எண்ணும் புதிய எண்ணும் அன்றைக்கு ஒன்றுதான். தெரிந்திருக்கக்கூடிய ஒரே வழி, நிறுத்திப் பார்ப்பது.

நிறுத்தப் போனேன். சுவிட்சில் கைகூட வைத்துவிட்டேன்.

"இன்னா சார், பூச போட்ட அன்னிக்கே நிறுத்தறீங்க? கற்பூரம் இன்னும் அணயல. ஆடி போவட்டும் சார், அப்பால நிறுத்திக்கலாம்" என்றார் முனுசாமி.

பழியை அவர்மேல் போட மாட்டேன். எனக்கு வேண்டியிருந்த வார்த்தையை அவர் சொன்னார், அவ்வளவுதான். நான் செய்த பெட்டி, பன்னிரண்டு வருஷம் என்னைப் பெரிய மனிதனாக வைத்திருந்த பெட்டி. அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. கையை எடுத்துவிட்டேன். மேலாளர் மாலையில் "நிறுத்திப் பாத்தியா?" என்று கேட்டார். "ஆச்சு சார்" என்றேன். முதல் பொய் அது. ஆடி முடிந்ததும் செய்யப்போவதுதானே, ஒரு மாதம் முன்னே பின்னே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு லாட் தேறாவிட்டால் எஸ்தர் கிடங்குக்கே போய் மூட்டைமேல் சிவப்பு அட்டையைக் குத்திவிட்டு வருவாள். புது சர்வர் வந்த பிறகு எல்லாம் திரையிலேயே தெரியும், அட்டை எதற்கு என்று ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான். அட்டையை நிறுத்தினார்கள். நிறுத்த வேண்டியதை நிறுத்தவில்லை, நிறுத்தக் கூடாததை நிறுத்தவைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை எஸ்தர் மறுபரிசோதனை முடிவுகளைப் புதிய சர்வரில் பதிந்தாள். எல்லா லாட்டும் தேறியிருந்தது, ஒன்றைத் தவிர. லாட் இருபத்துமூன்று. கோடைமழையில் அந்த அடுக்கின்மேல் கூரை ஒழுகியிருக்கிறது. வந்தபோது எண்பத்தொன்று முளைத்த விதை, இப்போது நாற்பத்தாறுதான். கிடங்குத் திரையில் மட்டும், மறைந்திருந்த பக்கம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எண்பத்தொன்றையே இழுத்துவந்து பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆடி இரண்டாம் நாள் மேல்சித்தாமூரிலிருந்து தரணேந்திர நயினார் வந்தார். வருஷா வருஷம் முதல் ஆளாக விதை வாங்குகிறவர் அவர்தான். அதற்குக் காரணம் உண்டு. அவர் கை ராசியான கை என்று சுற்றுப்பக்கத்தில் பெயர். யார் நிலமானாலும் ஏருக்குப் பின்னால் முதல் கைப்பிடி விதையை அவர்தான் போட வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் தன் நிலத்தில் விதைத்துவிடுவார். முனுசாமி பச்சையைப் பார்த்து, எட்டும் இடத்தில் இருந்த இருபத்துமூன்றிலிருந்து நாலு மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டார். பின்னால் வந்தவர்களுக்கு வேறு அடுக்குகளிலிருந்து எடுத்ததால், அந்த லாட்டில் வெளியே போனது அந்த நாலு மட்டும்தான்.

ஆடி பதினேழோ பதினெட்டோ, நயினார் மறுபடி வந்தார். துண்டில் ஒரு முடிச்சு. மேலாளர் மேஜையில் அவிழ்த்தார். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பருப்புகள், ஊறி, அழுகி, முளை விடாமல்.

"பாதிக்கு மேல வரல சார். பொட்டலா கெடக்குது நெலம். எனக்கு அப்புறம் வெதச்சவன்லாம் நல்லா வந்துட்டான். எனக்கு மட்டும் இன்னா ஆச்சின்னு தெரியல" என்றார்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு லாட் நம்பர் கேட்டார். கிடங்கு ஷீட்டின் அச்சு நகலைக் கொடுத்தேன். பேனா எண்பத்தொன்றின் அடியில் போய் நின்றது.

"இது எந்தக் கெணத்துத் தண்ணி, ஏழுமலை?"

"பாத்துட்டு வர்றேன் சார்."

என் இடத்துக்கு வந்து ஷீட்டைத் திறந்தேன். கனெக்‌ஷன் பட்டியலில் இரண்டு வரி. இரண்டாவதில் பழைய கம்ப்யூட்டரின் பெயர்.  புதிய சர்வரின் பெயரைப் போட்டுப் புதுப்பித்தேன். என் கண் முன்னால் எண்பத்தொன்று நாற்பத்தாறானது. பச்சைக் கட்டம் சிவப்பானது. அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினேழு பெயர் எழுதிய தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. பழக்கதோஷம், கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு டிக் அடித்து அன்றைய தேதியை எழுதினேன். வாயால் பொய் சொல்லத் துணிந்தவனுக்கு அந்தத் தாளில் தப்புத் தேதி எழுதத் தோன்றவில்லை.

என் இடத்திலிருந்து மேலாளர் அறைக்குப் பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடிக்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. பழையதை நிறுத்திவிட்டதாகச் சொன்ன பொய் வெளியே வரும். சென்னைக்காரர்கள் முன்னால் "நம்ம ஏழுமலை ஒருத்தனே பதினேழையும் முடிச்சான்" என்று மேலாளர் சொன்னது காற்றில் போகும். வேலை போய்விடும் என்றுகூட நான் நினைக்கவில்லை, போயிருக்கவும் செய்யாது. முகம் போகும் என்றுதான் பயந்தேன். இவ்வளவு சின்ன காரணம் என்பதுதான் எனக்கு இன்றும் கூச்சம்.

"சரியாதான் இருக்குது சார். எண்பத்தொண்ணு" என்றேன்.

"புதுசுலேர்ந்துதான?"

"ஆமா சார்."

பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு நயினாரைப் பார்த்து, மரியாதை குறையாமல், கருணையோடு சொன்னார்.

"வெதயில குத்தம் தெரியல நயினாரே. தோல ஒடைக்கறப்ப பருப்பு மேல இருக்கற செவப்புத் தோல் உரிஞ்சிருந்தா முளைக்காது. இல்ல, ஆழமா வுழுந்திருக்கும். வீட்ல யார் ஒடச்சது?"

"எங்க வீட்டம்மாதான்."

"வெதச்சது நீங்களா?"

"நான்தான் சார். முப்பது வருசமா போட்ற கை."

 நயினார் பருப்புகளைத் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொண்டார். போகும்போது என் தோளைத் தொட்டு, "நீ பாத்து சொல்லிட்டா சரிதான் தம்பி" என்றார்.

அன்று மாலையே பழைய கம்ப்யூட்டரை நிறுத்தினேன். "ஆடி இன்னும் முடியலயே சார்" என்றார் முனுசாமி. மறுநாள் காலை, "இருவத்திமூணு நேத்து பச்சயா இருந்துச்சி, இன்னிக்கி செவப்பா கீது" என்றும் கேட்டார். மறுபரிசோதனை இப்போதுதான் வந்தது என்று சொன்னேன். எஸ்தர் அந்த வாரம் அவலூர்பேட்டைக்குத் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவளுக்கு நயினாருக்கு எந்த லாட் போனது என்றே தெரியாது. பிசிறில்லாமல் மூடிவிட்டேன். வேலையில் நான் அவ்வளவு கச்சிதமாகச் செய்த காரியம் வேறு இல்லை.

அடுத்த ஆடியில் நயினார் விதைக்கு வரவில்லை. முனுசாமிதான் சொன்னார், சாப்பாட்டு வேளையில்: "அவர முதல் வெத போட யாரும் கூப்டலியாம் சார். கை பூடுச்சின்னு பேசிக்கறாங்க." நான் டிபன் பாக்ஸை மூடவில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டேன். எழுதும்போது இதுதான் முதலில் எழுத வேண்டியது என்று தோன்றியது, ஆனால் இங்கே வரும்வரை தள்ளிப்போட்டுவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் கலைவாணி போன் செய்தாள். மையம் மறுபடியும் டேட்டாபேஸ் மாற்றுகிறது. இப்போது ஷீட்டுகள் நாற்பதைத் தாண்டிவிட்டனவாம். பழைய கோப்பில் என் தாள் கிடைத்ததாம்.

"சூப்பரா பண்ணியிருக்கீங்க சார், நாங்களும் அதே மாதிரி தாள் போட்டுட்டோம். ஒண்ணுதான் புரியல. பதினாறு ஷீட் ஒரே தேதி. பதினேழாவதுக்கு மட்டும் ரெண்டு டிக்கு, ரெண்டாவது மூணு வாரம் கழிச்சு. அது எதுக்கு சார்?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன். அறுபது வயது தாண்டியவன் அப்படிச் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.

போனை வைத்த பிறகு இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் மதியம் மேல்சித்தாமூர் பஸ் ஏறினேன்.

நயினாருக்கு எண்பது தாண்டிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடையாளம் கண்டுகொண்டார். "கம்ப்யூட்டர் தம்பி தான?" என்றார். நின்றபடியே சொன்னேன். எக்செல், சர்வர் எல்லாம் அவருக்கு எதற்கு? விதை கெட்டுப்போனது என்று எங்களுக்குத் தெரியும், திரையில் பழைய எண் இருந்தது, அது என் தவறு, அன்றைக்கே கண்டுபிடித்தேன், கண்டுபிடித்த பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன் என்றேன்.

 நயினார் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"இவளுக்கும் சொல்லு" என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"பத்து வருசமா இவர் என்னத்தான் சொல்லினு இருக்கறாரு, நீ தோல உரிச்சிட்டேன்னு. அதுக்கப்புறம் ஒரு வருசம் கூட வெத மல்லாட்டய என்ன தொட வுட்டதில்ல. கூலிக்கு ஆள் வச்சி ஒடச்சாரு. நான் ஒக்காந்து பாத்துனு இருப்பேன்."

"இவ மட்டும் சும்மா இருந்தாளா? நீதான் ஆழமா வுட்டேன்னு சொல்லுவா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி" என்றார் நயினார்.

அவருடைய கைராசியைத்தான் கெடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரைப் பத்து வருஷம் ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டிருக்கிறேன் என்பது அந்த வாசலில்தான் தெரிந்தது. காலில் விழப்போனேன். "அதெல்லாம் வாணாம்" என்று காலை இழுத்துக்கொண்டார்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சி" என்றார். என்னிடம் சொன்னமாதிரி இல்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "இப்ப கூப்டா கூட போவ முடியாது பாரு."

அவர்கள் சமணர்கள், வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். ஐந்தரைக்கே இலை போட்டார்கள், எனக்கும் சேர்த்து. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். அந்த அம்மாதான் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டு போனா ஆச்சா? ஊரு இன்னும் அவர் கைய தான சொல்லுது. நாலு பேருக்கு தெரியற மாதிரி சொல்லு."

அதனால் கலைவாணிக்கு என் பதில் இது. இதை மலரில் போடாவிட்டால் நகல் எடுத்து மேல்சித்தாமூர் பஸ் நிறுத்தத்தில் நானே ஒட்டுவேன். உங்கள் நாற்பது ஷீட்டையும் மாற்றியதும் பழையதை நிறுத்திப் பார் அம்மா, ஆடியோ ஆவணியோ, அன்றைக்கே நிறுத்து.

லாட் இருபத்துமூன்று. முளைப்பு எண்பத்தொன்று அல்ல, நாற்பத்தாறு. தரணேந்திர நயினார் விதைத்த ஆழம் சரி. அவர் மனைவி உடைத்த பருப்பும் சரி. பதினேழாவது ஷீட்டில் இருந்த தவறு என்னுடையது. அது தெரிந்த பிறகு அவர்கள் இருவர்மேலும் அதைப் போட்டவனும் நான்தான்.